இல்லாத குரலுக்கு ஒரு பாராட்டு

வரலாற்றுத் துறை,
புதன்கிழமை காலை.

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை. உட்கார்ந்து வியாபாரம் செய்தால் வருகிறவர்களுக்கு மரியாதை இல்லையாம். வீட்டில் என்னிடம் மட்டும் படுத்துக்கொண்டே பேசுவார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நான் உன்னை மடக்குவேன், நாலாவது நிமிடத்தில் நீ வைத்துவிடுவாய். ஒன்பது மாதமாக அதுவும் கிடையாது. ஞாயிறு தோறும் அப்பாவிடம் பேசுகிறாய். நான் பக்கத்தில் துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒட்டுக் கேட்கிறேன். ஒரே துண்டை நாலு தடவை மடித்திருக்கிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. இரண்டு பேருக்கும் நல்லது.

நீ அந்த ஏ.ஐ. கம்பெனி வேலையில் சேர்ந்தபோது நான் கேட்டது எனக்கு மறக்கவில்லை. ஊரை ஏமாற்றுகிற எந்திரத்துக்குச் சோறூட்டவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்டேன். நீ பதினோரு பக்கம் எழுதி அனுப்பினாய். நானும் பதில் போட்டேனே: ‘படித்தேன். என் கருத்தில் மாற்றமில்லை.’ சரி, அந்தப் பழைய பஞ்சாயத்து இப்போது வேண்டாம். வேறு விஷயம் இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அப்பாவிடம் சொன்னால், ‘விடும்மா, ஊர்ல நடக்காததா’ என்று ஒரு வரியில் மூடிவிடுகிறார்.

எங்கள் கலைப்புலத்தில் இந்த ஏ.ஐ. சமாச்சாரத்துக்கு விதிமுறை எழுத ஒரு குழு போட்டார்கள். அதற்கு நான்தான் தலைவி. வேறு யார் இருக்க முடியும்? போன வருஷம் அதில் எழுதிக் கொண்டுவந்த நாலு பேருக்கு நான் சுழி போட்டேன். அன்றிலிருந்து மாணவர்கள் என்னைப் ‘பூஜ்ஜியம் மேடம்’ என்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். இந்த வருஷம் என் வகுப்பில் கட்டுரைகளைக் கையால்தான் எழுத வேண்டும் என்று கட்டளை போட்டேன். அவரவர் வீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் செய்த வேலையின் வரலாற்றை எழுத வேண்டும். அறுபத்து நாலு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு பதினைந்து பக்கம்.

பத்தொன்பது கட்டுரைகளை ஒழுங்காகப் படித்தேன். அதற்குள் மதிப்பெண் கொடுக்கும் தேதி வந்துவிட்டது. விதிமுறை வரைவும் அதே வாரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீதி நாற்பத்தைந்து கட்டுரைகளையும் பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் கடைக்குப் போனேன். பல்கலைக்கழகக் கணினியில் செய்தால் தெரிந்துவிடும் பார். கண்ணளவு பார்க்கிற எழுத்துப் பலகைக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழைய கணினியில் உட்கார்ந்து, கருத்துரைகளை உன் தத்துப்பிள்ளையை, அந்த ஏ.ஐ.யைத்தான், எழுதச் சொன்னேன். ஆமாம், நான்தான். வாயை மூடிக்கொள், ஈ நுழைந்துவிடும்.

மூன்று மணி நேரத்தில் நாற்பத்தைந்தும் முடிந்தன. என்ன நடை, என்ன கனிவு! நான் முப்பது வருஷமாக ‘நன்று, விரிவாக எழுதுக’ என்று எழுதிக்கொண்டிருந்தவள். நானே அசந்துபோனேன். அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நேற்றைக்கு முன்தினம் ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள். கருத்துரைத் தாளை என் மேஜைமேல் வைத்து, “மேடம், இத நீங்கதான் எழுதினீங்களா?” என்று கேட்டாள். பின்னே யார் எழுதுவார்கள், நான்தான் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவள் ஒரு வரியில் விரல் வைத்தாள். ‘உங்கள் தாயாரின் தழுதழுத்த குரல், படித்து முடித்த பின்னும் செவிகளில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.’ அழகான வரிதானே என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: “எங்கம்மாவுக்குப் பொறந்ததிலேருந்தே காது கேக்காது மேடம். பேச்சும் கிடையாது, எல்லாம் கையாலதான். மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன்.”

அவளே மேற்கொண்டு சொன்னாள். அவளுடைய அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறார். தன்னைப் பற்றி மகள் எழுதியதற்கு டீச்சர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆசையாம். அவரே மெதுவாக வாசிப்பார், ஆனால் அன்றைக்குப் பொறுக்காமல், நீயே சொல் என்று மகளைக் கேட்டிருக்கிறார். இவள் வரி வரியாகக் கையால் சொல்லிக்கொண்டே வந்து, அந்த வரியில் கையை நிறுத்திவிட்டாள். அம்மா விடவில்லை. கடைசியில் அதையும் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றாம்: டீச்சர் இதைப் படித்தாரா?

“படிச்சிருப்பாங்கன்னு சொன்னேன் மேடம்” என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம், வரலாற்றை விட்டு வேறு துறைக்கு மாறுவதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் என்றாள். மாதக் கடைசி வரை அது அலுவலகத்தில் இருக்கும், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பார்த்தாயா உன் எந்திரம் செய்த காரியத்தை! காது கேளாத அம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டது. இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பெண்ணை நான் விடப்போவதில்லை. என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் இப்படி அவள் போகக் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா.


வீடு,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பதில் கிடைத்தது. நான் நாலு பக்கம் எழுதினால், நீ அப்பாவின் போனுக்கு ஒற்றை வரி அனுப்புகிறாய்: “அம்மா அதுகிட்ட சரியா என்ன குடுத்தாங்க, என்ன கேட்டாங்கன்னு கேளுப்பா.” அப்பா கடையிலிருந்தே என்னைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு, நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு குட்டு வைத்திருப்பேன். ஊரான் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாயே என்று நாள் பூராவும் முனகிக்கொண்டிருந்தேன்.

பிறகு கடைக்குப் போய்க் கணினியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ கேட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கட்டுரைகள் கையெழுத்தில் இருந்தன அல்லவா? நான்தானே கட்டளை போட்டேன், எந்திரத்தில் எழுதிவிடக் கூடாது என்று? அவ்வளவு பக்கத்தையும் யார் படம் எடுப்பது? ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது பக்கத்தை அது கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் கேட்டது இது, ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்: ‘கட்டுரையை முழுவதும் படித்த ஆசிரியர் எழுதுவதுபோல், கனிவாக, நூறு சொற்களில் கருத்துரை எழுது.’

முழுவதும் படித்ததுபோல். நானே தட்டச்சு செய்திருக்கிறேன். இதைப் பார்த்ததும் கடை நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு பெரியவர், பவர் சரியில்லாததால் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். போன கடிதத்தில் எந்திரத்தின்மேல் பழியைப் போட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது சொன்னபடி செய்தது, நான்தான் அப்படிச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் கட்டுரையை எடுத்து உட்கார்ந்து படித்தேன். பதினான்கு பக்கம். அடியே, என்ன கட்டுரை தெரியுமா? அந்தச் சலவைக்கூடத்தில் கார் அளவுக்குப் பெரிய எந்திரங்கள் ஆறு இருக்கின்றன. ஆறும் ஓடினால் காது கிழியும், யாரும் ஒரு வருஷத்துக்குமேல் தாங்குவதில்லை. காது கேட்காதவள்தானே, உனக்கென்ன கஷ்டம் என்று சொல்லித்தான் அவரை வேலைக்கே எடுத்தார்களாம். ஆனால் அந்த ஆறு எந்திரங்களில் எது எப்போது பழுதாகும் என்று அவர்தான் முதலில் சொல்வாராம். காலையில் வந்ததும் ஒவ்வொன்றின் விலாவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதிர்வு மாறியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுவார். மெக்கானிக் மூன்று பேர் மாறிவிட்டார்கள், இவருடைய கை மாறவில்லை. எட்டாவது பக்கத்தில் இருக்கிறது இது. இந்த எட்டாவது பக்கத்தைப் படிக்காமல் நான் அந்தப் பெண்ணுக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு போட்டிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, அன்று சொன்னது பொய், இதை நான் எழுதவில்லை, உன் கட்டுரையை நேற்றுவரை படிக்கவும் இல்லை என்றேன். “தெரியும் மேடம்” என்றாள். உன் அம்மாவிடம் நானே வந்து சொல்ல வேண்டும் என்றேன். அம்மாவுக்கு வேலை முடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு வரச் சொன்னாள்.

போனேன். சலவைக்கூடமே ஈரமும் சோப்பு வாடையுமாக இருந்தது. தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வெள்ளைத் துணி. அந்த அம்மாள் என்னைவிட நாலு வயது சின்னவராக இருப்பார். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பேசப் பேச மகள் கையால் சொன்னாள். நான் சுற்றி வளைக்கவில்லை. படிக்கவில்லை, எந்திரத்தை எழுதச் சொன்னேன், உங்கள் மகள் கேட்டபோது பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலே வாக்கியம்தான்.

அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கையை அசைத்து ஒரு கேள்வி கேட்டார். மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்கு மட்டும்தான் இப்படிப் பண்ணீங்களான்னு அம்மா கேக்கறாங்க.” நாற்பத்தைந்து பேருக்கு என்றேன். அவர் விரல்களால் அந்த எண்ணைத் திரும்பக் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டார். அடுத்த கேள்வி: “மத்த நாப்பத்தி நாலு பேருக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுபோய், ஓடிக்கொண்டிருந்த ஓர் எந்திரத்தின்மேல் என் உள்ளங்கையை வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நடுங்கியது, அவ்வளவுதான். பிறகு அடுத்ததன்மேல் வைத்தார். அப்போது வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவதில் ஏதோ ஒன்று தட்டித் தட்டி ஓடியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சின்னதாக ஒரு சிரிப்பு. அதற்குள் அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை கலைப்புலக் கூட்டத்தில் அந்த விதிமுறை வாசிக்கப்படுகிறது. அங்கே எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்லப்போகிறேன்.

துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று பெயர் வைத்தாயே, அவரேதான். கதவைச் சாத்திவிட்டு, “மேடம், உங்க பேரு பதவி உயர்வுப் பட்டியல்ல இருக்கு. ரெண்டு மாசம் மூச்சு விடாதீங்க. அந்தப் பொண்ணுக்கு மார்க்க ஏத்தி விட்டுடுங்க, முடிஞ்சது கதை” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கு நான் வேண்டும், என்னைப்போல நேர அட்டவணை போட அங்கே ஆள் இல்லை. எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டத்தான் செய்தது, உன்னிடம் மறைப்பானேன்? பதினாறு வருஷமாகக் காத்திருக்கிற பதவி. ஆனால் அந்த அம்மாள் விரலால் எண்ணிக் காட்டிய நாற்பத்தைந்து கண் முன்னால் நிற்கிறது. போன வருஷம் சுழி வாங்கிய நாலு பேரையும் சேர்த்தால் நாற்பத்தொன்பது. அவர்கள் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? அவர்களுக்காவது பத்தொன்பது இருபது வயது.

உன் அப்பா மட்டும், நீ முடிவு பண்ணிவிட்டால் யார் சொல்லிக் கேட்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமைக்காக என் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். மைக் முன்னால் எழுத்துத் தெரியாமல் திண்டாடக் கூடாதாம்.

நீ கேட்ட கேள்விக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. நல்ல கேள்வி. உன்மேல் கோபம் போய்விட்டது, குட்டு மட்டும் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அம்மா.


வீடு,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள வாயாடிக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் அப்பா ஸ்டூல் வாங்கிவிட்டார். அதில் இப்போது வாடிக்கையாளர்களை உட்காரவைத்துவிட்டு, தான் நிற்கிறார்.

வியாழக்கிழமை சொல்லிவிட்டேன். அரங்கத்தில் எழுபது பேர் இருந்தார்கள். வரைவின் முதல் வரி, ஏ.ஐ. கொண்டு எழுதும் மாணவருக்குச் சுழி என்பது. அதை நானே வாசித்துவிட்டு, இந்த வரியை எழுதின அதே வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். கடை, கணினி, முதல் பக்கம், கடைசிப் பக்கம், நான் தட்டச்சு செய்த அந்த வாக்கியம், ஒன்றையும் விடவில்லை. குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி.

பிறகு தத்துவத் துறைக்காரர் எழுந்து, “எல்லாரும் செய்யறதுதானே, இதப் போய் மைக்ல சொல்லுவாங்களா?” என்று அலுத்துக்கொண்டார். சொன்ன பிறகுதான், தானும் மைக்கில் பேசியது அவருக்கு உறைத்தது. அரங்கமே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன்.

அந்தச் சுழி வரியை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதில் இரண்டு வரி கொடுத்தேன். விதி முதலில் ஆசிரியருக்குப் பொருந்த வேண்டும், எந்திரத்தை எதற்குப் பயன்படுத்தினாலும் அதைத் தாளிலேயே எழுத வேண்டும் என்பது ஒன்று. எந்திரம் எழுதியது எதுவானாலும், மூலத்தோடு வைத்து வரி வரியாகச் சரிபார்க்க மாணவர்களுக்கு வகுப்பிலேயே பழக்க வேண்டும் என்பது இன்னொன்று. பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘நாளைக்குப் பார்ப்போம்’ தன் வாயால் அதைத்தான் சொன்னார், வேறென்ன சொல்வார்! குழுத் தலைமை போய்விட்டது. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வைப்பார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் இந்த வருஷம் என் பெயர் இல்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பொய் சொல்வதைத்தான் விட்டாயிற்றே, ஆகவே வருத்தம் இருக்கிறது என்றே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நாற்பத்தைந்து பேரிடமும் அவரவர் கட்டுரையையும் அந்தக் கருத்துரையையும் சேர்த்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். இதில் உங்கள் கட்டுரையில் இல்லாதது எது என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள், இருக்கிறது என்றால் பக்கம், வரி எண் எழுதுங்கள் என்றேன். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒருவனுடைய அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர், அவரை அது விவசாயி ஆக்கியிருந்தது. உயிரோடு இருக்கிற ஓர் அத்தைக்கு அஞ்சலி செலுத்தியிருந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவள் எழுந்து அதை வாசித்தபோது சிரிப்பு அடங்கவே இல்லை. இரண்டு பேர் மட்டும், இது சொன்ன யோசனை எங்களுக்கு உபயோகமாகத்தான் இருந்தது என்றார்கள். ஒருவன், “மேடம், தப்பா நினைக்காதீங்க, நீங்க வழக்கமா எழுதற ரெண்டு வார்த்தைக்கு இது எவ்வளவோ தேவலை” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் சரியாகத்தானே சொல்கிறான்? அதையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, கட்டுரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எந்திரத்தை வகுப்பை விட்டுத் துரத்தப்போவதில்லை, வாயாடி. நடுவில் உட்காரவைத்துத் திருத்தப்போகிறோம். அது எழுதியதையும் திருத்துவோம், நான் எழுதியதையும் திருத்துவோம். நாற்பத்தைந்து கட்டுரைகளையும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து வீதம், இதுவரை முப்பது முடிந்தன. போன வருஷத்து நாலு பேரில் மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டேன், மீண்டும் எழுத வாய்ப்புக் கொடுக்கப்போகிறேன். நாலாவது பையன் படிப்பையே விட்டுவிட்டானாம். முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்காமல் விடமாட்டேன்.

கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இழுக்கிறேன் என்று திட்டாதே. அவளுடைய கட்டுரைக்கு நான் கையால் நாலு பக்கம் கருத்துரை எழுதி, அம்மாவிடமும் காட்டச் சொல்லிப் போன வாரமே கொடுத்திருந்தேன். நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் அந்த நாலு பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஓர் இடத்தில் சிவப்பு மையில் கோடு. தட்டித் தட்டி ஓடிய எந்திரத்தை வலது பக்கத்து வரிசை என்று எழுதியிருந்தேன். அது இடது பக்கமாம். அந்த அம்மாள் அடித்துத் திருத்தி, ஓரத்தில் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘பேரிங் மாற்றினார்கள். இப்போது சரி.’ மூன்று நாள் எடுத்து அவரே படித்தாராம், மகளைக் கிட்டவே விடவில்லையாம்.

நான் அவளிடம் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் அலுவலகத்துக்குப் போய் எழுத்தரிடம் விசாரித்தேன். மத்தியானமே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் விஷயம். இந்தக் கடிதம் கனமாக இருக்கிறதே என்று பார்த்திருப்பாய். நீ அனுப்பிய பதினோரு பக்கம். அச்சடித்துப் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

‘படித்தேன்’ என்று நான் அன்றைக்கு எழுதியது பொய். உன்னுடையதிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் படித்தேன். மீதி ஒன்பது பக்கத்தை நேற்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும்தான் படித்தேன். ஏழாவது பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: ‘நாள் முழுக்க அது எழுதினதைப் படிக்கிறதுதான் அம்மா என் வேலை. தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி முழுசா படிக்கணும். அவசரப்பட்டு எல்லாரும் சரி போட்டுடறாங்க, என்னால முடியல. இத நான் உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்.’ அந்த வரிக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒன்றும் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

என் கருத்தில் மாற்றம் உண்டா என்று கேட்பாய். முழுவதும் இல்லை. மூன்றாவது பக்கத்தில் நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் ஓரத்தில் இருக்கிறது. ஐந்தாவது பக்கத்தில் நீ சொல்வதுதான் சரி, நான்தான் தப்பு. அதையும் எழுதியிருக்கிறேன். மதிப்பெண் போடவில்லை. பூஜ்ஜியம் மேடத்துக்கு உன்னிடம் மதிப்பெண் போடுகிற யோக்கியதை இல்லை.

நாளைக்கு ஞாயிறு. இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும், அதற்குள் இரண்டு ஞாயிறு போய்விடும், பரவாயில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு, அப்பாவிடம் பேசி முடித்ததும், போனை அம்மாவிடம் கொடு என்று சொல். துணி எதையும் மடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன், என் கண்ணே. கடைசி வரை கேட்கிறேன்.

நல்லா இரு. உன் கண்ணும் கையும் சுகமாக இருக்கட்டும்.

உன்,
அம்மா.